குதிரை சொல்லும் கணக்கு

குர்லாவில் கல்யாண ஊர்வலம் பார்க்காதவர் யார்? முன்னால் பேண்டு வாத்தியம் போகும். நடுவில் இளைஞர்கள் ஆடுவார்கள். பின்னால் வெள்ளைக் குதிரை வரும். அதன் மேல் மாப்பிள்ளை இருப்பார்.

நாம் மாப்பிள்ளையைப் பார்ப்போம். அவருடைய மாலையைப் பார்ப்போம். குதிரையைப் பார்க்க மாட்டோம். குதிரையைப் பார்ப்பவர் ஒரே ஒருவர்தான். அவர் அதன் கயிற்றைப் பிடித்து நடப்பவர்.

அப்படி ஒருவர் எங்கள் இரவு வகுப்புக்கு வருகிறார். வயது ஐம்பதுக்கு மேல். வகுப்பில் எல்லோரும் அவரை மாமா என்றே கூப்பிடுவோம். குதிரை அவருடையது அல்ல. முதலாளியுடையது. மாமாவுக்கு ஊர்வலத்துக்கு இவ்வளவு என்று கூலி.

மாமா கேட்ட கேள்வி

ஒரு நாள் வகுப்பில் செய்தித்தாள் படித்தோம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த நிதா அஞ்சும் சேலாட் என்ற பெண்ணைப் பற்றிய செய்தி அது. 2023-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் இளையோருக்கான உலகக் குதிரைப் போட்டி நடந்தது. அதில் அவர் 120 கிலோமீட்டர் குதிரையில் சென்று முடித்தார். 2024-இல் பெரியவர்களுக்கான உலகப் போட்டியில் 160 கிலோமீட்டரையும் முடித்தார். இந்தியாவிலிருந்து போய் அந்தப் போட்டிகளை முடித்த முதல் ஆள் அவர்தான்.

160 கிலோமீட்டர் எவ்வளவு தூரம்? குர்லாவிலிருந்து சாலை வழியாகப் புனே போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அதை ஒரே நாளில் ஒரே குதிரை கடக்க வேண்டும்.

மாமா கேட்டார்: "அவ்வளவு தூரம் ஓடினா குதிரை செத்துப் போகாதா, டீச்சரம்மா?"

நல்ல கேள்வி. கவனிக்காவிட்டால் செத்துப் போகும். சில போட்டிகளில் அப்படி நடந்தும் இருக்கிறது. அதனால்தான் இந்தப் போட்டிக்கு ஒரு தனி ஏற்பாடு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் ஊர்வலக் குதிரைக்கும் பயன்படும்.

ஓடுவது பாதி, சோதனை பாதி

மகாலட்சுமி மைதானத்தில் நடக்கும் பந்தயம் நமக்குத் தெரியும். ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். கோட்டை முதலில் தொடும் குதிரைக்கு வெற்றி.

நெடுந்தூரப் போட்டி அப்படி அல்ல. பாதையைப் பல சுற்றுகளாகப் பிரிப்பார்கள். ஒரு சுற்று அதிகம் போனால் 40 கிலோமீட்டர். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதிப்பார். அவர் சரி என்றால்தான் அடுத்த சுற்று. இல்லை என்றால் போட்டி அதோடு முடிந்தது. எவ்வளவு முன்னால் வந்திருந்தாலும் பயன் இல்லை. கடைசிக் கோட்டைத் தாண்டிய பிறகும் ஒரு சோதனை உண்டு. அதில் தேறாத குதிரைக்கு வெற்றி இல்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1955 முதல் இப்படி ஒரு போட்டி நடந்துவருகிறது. 100 மைல் தூரத்தை 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். அங்கே இன்னொரு கோப்பையும் தருகிறார்கள். முதல் பத்துக் குதிரைகளில் எது நல்ல உடல் நிலையில் இருக்கிறதோ, அதற்கு அந்தக் கோப்பை. வேகத்துக்கு ஒரு பரிசு. கவனிப்புக்கு ஒரு பரிசு.

சோதனை இடத்தில் என்ன செய்கிறார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். இரண்டு கை போதும். நொடி முள் உள்ள ஒரு கடிகாரம் போதும்.

முதலில் பாரத்தை இறக்கு

குதிரை வந்து நின்றதும் மேலே இருப்பவர் இறங்குவார். உடனே வயிற்று வாரைத் தளர்த்துவார்கள். அந்த வார்தான் சேணத்தைக் குதிரையின் உடம்போடு இறுக்கிப் பிடித்திருக்கும். அதைத் தளர்த்தினால் குதிரைக்கு மூச்சு எளிதாகும்.

பிறகு சேணத்தை இறக்குவார்கள். மும்பையில் சேணத்தை ஜீன் என்றும் சொல்வார்கள். அதற்கு அடியில் இருக்கும் துணி வியர்வையில் நனைந்திருக்கும். அதையும் எடுத்துவிடுவார்கள். வாயில் இருக்கும் கடிவாள இரும்பைக் கழற்றுவார்கள். தலைக்கயிறு மட்டும் மாட்டி வைப்பார்கள். இப்போது குதிரை தண்ணீர் குடிக்கும். புல் தின்னும்.

கழற்றிய துணியை வெயிலில் விரிக்க வேண்டும். ஈரத் துணியை மறுபடி போடக் கூடாது. வியர்வை காய்ந்தால் உப்பாகும். உப்பும் அழுக்கும் முதுகில் உரசினால் புண் வரும். ஒரு குதிரைக்கு இரண்டு துணி வைத்திருப்பது நல்லது.

தண்ணீரைப் பற்றி இரண்டு தவறான பேச்சு

"ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டாதே, வயிறு இழுத்துக்கொள்ளும்" என்று பலர் சொல்வார்கள். இது தவறு. வியர்வையில் குதிரை நிறையத் தண்ணீரை இழக்கிறது. தாகமாக இருக்கும்போதே குடிக்க விட வேண்டும்.

"சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதே" என்றும் சொல்வார்கள். இதுவும் தவறு. 1996-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் நடந்தது. அங்கே கடும் வெயில். அதற்காகக் குதிரை மருத்துவர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள். குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுவதும் மறுபடி மறுபடி ஊற்றுவதே சூட்டை வேகமாகத் தணிக்கிறது என்று தெரிந்தது.

ஆகவே நிழலில் நிறுத்துங்கள். காற்று வரட்டும். வாளி வாளியாக ஊற்றுங்கள்.

குதிரையின் வியர்வை நம் வியர்வையைவிட உப்பு அதிகம் உள்ளது. உப்பும் வெளியே போய்விடுகிறது. போட்டிக்காரர்கள் அதற்காக உப்புக் கலவை கொடுப்பார்கள். ஆனால் தண்ணீர் குடிக்காத குதிரைக்கு உப்பு மட்டும் கொடுத்தால் கெடுதல். தண்ணீர் முதலில். எவ்வளவு உப்பு என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

15 நொடிக் கணக்கு

இதுதான் சோதனையின் உயிர். மருத்துவர் குதிரையின் இடது முன்காலுக்குப் பின்னால் கருவியை வைத்து இதயத் துடிப்பை எண்ணுவார்.

ஓய்வாக நிற்கும் குதிரைக்கு ஒரு நிமிடத்தில் 28 முதல் 44 வரை துடிக்கும். ஓடினால் 150-ஐயும் தாண்டும். நின்றதும் குறைய வேண்டும். உலகப் போட்டிகளில் 64 என்பது அளவு. சுற்று முடிந்து 15 நிமிடத்துக்குள் துடிப்பு 64-க்கு இறங்க வேண்டும். இறங்காத குதிரை தொடர முடியாது. இறங்கிய பிறகும் உடனே ஓட்ட விட மாட்டார்கள். பெரும்பாலும் 40 நிமிடமோ அதற்கு மேலோ கட்டாய ஓய்வு உண்டு.

கருவி இல்லாமலும் எண்ணலாம். குதிரையின் கீழ்த்தாடை எலும்பின் ஓரத்தை உள்பக்கமாகத் தடவுங்கள். கயிறு போல ஒரு நரம்பு உருளும். அது இரத்தக்குழாய். அதன் மேல் இரண்டு விரல் வையுங்கள். கட்டை விரல் வேண்டாம். கட்டை விரலில் நம் துடிப்பே தெரிந்து குழப்பும்.

கடிகாரத்தைப் பார்த்து 15 நொடி எண்ணுங்கள். வந்த எண்ணை நான்கால் பெருக்குங்கள்.

15 நொடியில் 10 வந்தால் 10 × 4 = 40. ஓய்வில் இருக்கிறது.
15 நொடியில் 16 வந்தால் 16 × 4 = 64. இதுதான் எல்லை.
15 நொடியில் 21 வந்தால் 21 × 4 = 84. இன்னும் இறங்கவில்லை. காத்திருங்கள்.

ஏன் இந்த எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு? களைப்பு, சூடு, தாகம், வலி எது வந்தாலும் இதயம் வேகமாக அடிக்கும். குதிரைக்கு வாய் பேசாது. இதயம் பேசும். நாம்தான் எண்ண வேண்டும்.

ஈறு, தோல், வயிறு

துடிப்புக்குப் பிறகு மருத்துவர் மற்றவற்றைப் பார்ப்பார்.

ஈறு: குதிரையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுங்கள். அந்த இடம் வெளுக்கும். 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பத் தாமதமானால் இரத்த ஓட்டம் குறைவு.

தோல்: கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே படிய வேண்டும். மடிப்பு அப்படியே நின்றால் உடம்பில் தண்ணீர் போதவில்லை.

வயிறு: விலாவுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் காதை வைத்துக் கேளுங்கள். குடல் ஓசை கேட்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் ஆபத்து. குதிரைக்கு வரும் வயிற்று வலி உயிரையே எடுத்துவிடும்.

முதுகும் வாயும்

இப்போது மருத்துவர் முதுகை இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போவார். வலி இருந்தால் குதிரை முதுகை வளைத்து நழுவும். காதைப் பின்னால் மடக்கும்.

கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு உண்டு. சேணம் அந்த மேட்டின் மேல் உட்காரக் கூடாது. நடுவில் இடைவெளி வேண்டும். உட்கார்ந்தால் எலும்பின் மேல் தோல் நசுங்கிப் புண்ணாகும். அங்கே வெள்ளை முடி திட்டாக முளைத்திருந்தால், முன்பே சேணம் அழுத்திய தழும்பு என்று பொருள். வெள்ளைக் குதிரையில் இது தெரியாது. அதனால் கையால்தான் தடவிப் பார்க்க வேண்டும்.

சேணத்தை இறக்கியதும் முதுகைக் கவனியுங்கள். எங்கும் வியர்வை இருந்து ஓரிடம் மட்டும் காய்ந்திருக்கிறதா? அங்கே சேணம் அதிகமாக அழுத்துகிறது.

வயிற்று வார் படும் இடத்தில் முடி உதிர்ந்திருக்கிறதா, தோல் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். வாயின் இரண்டு ஓரத்தையும் பாருங்கள். கடிவாளம் வெட்டினால் அங்கே காயம் இருக்கும்.

குளம்பும் நடையும்

நான்கு குளம்பையும் தூக்கிப் பார்ப்பார்கள். கல் மாட்டியிருந்தால் எடுப்பார்கள். லாடம் ஆடுகிறதா என்று பார்ப்பார்கள்.

கடைசியாக ஒரு சிறு ஓட்டம். சேணம் இல்லாமல், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, சமமான தரையில் ஓட்டிக் காட்ட வேண்டும். சவுக்கு கூடாது. முன்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தலையைத் தாழ்த்தும்.

இதிலும் ஒரு கணக்கு உண்டு. ஓடுவதற்கு முன்பு துடிப்பை எண்ணுவார்கள். போகவர ஏறக்குறைய 80 மீட்டர் ஓட்டுவார்கள். ஓடத் தொடங்கி ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுவார்கள். முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் ஒன்றாக இருந்தால் நல்லது. இரண்டாவது குறைந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது கூடினால் குதிரை களைத்திருக்கிறது.

ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதுவார்கள். அந்த அட்டை குதிரையோடு போகும். முந்தைய சுற்றில் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று அட்டை சொல்லும். சவாரி செய்பவர் "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் போதாது. எழுதிய எண்தான் சாட்சி.

சட்டமும் இதையே சொல்கிறது

நம் நாட்டில் 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்காக 1965-இல் விதிகள் வந்தன. அவற்றில் சில:

ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.
ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.
வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது.
முள்ளோ கூரான முனையோ உள்ள கடிவாளம் கூடாது.
சேணத்தின் வளைவுக்கும் குதிரையின் கழுத்தடி மேட்டுக்கும் நடுவில் போதிய இடைவெளி வேண்டும்.

கவனிப்பு இல்லாவிட்டால் தொழிலே போய்விடலாம். மும்பையில் விக்டோரியா என்ற குதிரை வண்டிகள் ஓடியது நினைவிருக்கும். குதிரைகள் மோசமான லாயங்களில் வாடுவதாக வழக்கு வந்தது. அந்த வண்டிச் சவாரி சட்டத்துக்கு மாறானது என்று 2015 ஜூன் மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஓராண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. வண்டிக்காரர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்யவும் அரசுக்குச் சொன்னது. குதிரையின் நலமும் குதிரைக்காரரின் சோறும் ஒரே கயிற்றில் கட்டியவை.

மாமாவின் நோட்டு

இதையெல்லாம் வகுப்பில் பேசி முடித்தோம். மாமா ஒரு 40 பக்க நோட்டு வாங்கினார். தேதி, நேரம், எண் என்று மூன்று கட்டம் போட்டோம். நான்காம் வாய்ப்பாடு அவருக்கு அப்போதுதான் பாடமாகியிருந்தது.

தினமும் ஊர்வலம் முடிந்ததும் எண்ணி எழுதினார். வந்து நின்றதும் 18 × 4 = 72. பத்து நிமிடம் கழித்து 12 × 4 = 48. ஒரு மாதம் ஏறக்குறைய இதே எண்கள்.

ஒரு நாள் இரவு இரண்டு கல்யாணம். முதல் ஊர்வலம் முடிந்ததும் 21 × 4 = 84. அரை மணி நேரம் ஆன பிறகும் 19 × 4 = 76. சேணத்தை இறக்கிக் கைவைத்துப் பார்த்தார். கழுத்தடி மேட்டில் உள்ளங்கை அளவு வீக்கம். தொட்டதும் குதிரை சிலிர்த்தது.

முதலாளி அவசரப்படுத்தினார். "அடுத்த வீட்டுல காத்திருக்காங்க, கிளப்பு" என்றார்.

"முன்னெல்லாம் நான் கிளப்பியிருப்பேன், டீச்சரம்மா. குதிரைக்கு முடியலன்னு எனக்குத் தெரியும். ஆனா எப்படிச் சொல்றது? சோம்பேறின்னு சொல்வாரு. இப்போ நோட்டைக் காட்டினேன். ஒரு மாசமா நாப்பத்தெட்டு. இன்னிக்கு எழுபத்தாறு. நீங்களே பாருங்க முதலாளின்னேன்."

முதலாளி முணுமுணுத்தார். ஆனால் நோட்டைப் பார்த்தார். வீக்கத்தையும் பார்த்தார். வேறு குதிரையை, வேறு ஆளோடு அனுப்பினார். மறுநாள் மருத்துவர் வந்தார். சேணம் அழுத்தியதால் வந்த வீக்கம் என்றார். அன்றே மறுபடி பாரம் ஏற்றியிருந்தால் தோல் கிழிந்து ஆழமான புண் ஆகியிருக்கும் என்றார். பத்து நாள் ஓய்வு சொன்னார். சேணத்தின் அடிப் பஞ்சை மாற்றச் சொன்னார்.

மாமாவுக்கும் அந்தப் பத்து நாள் கூலி இல்லை. வீட்டில் கஷ்டம்தான். வகுப்புக்கு மட்டும் வந்தார்.

"கூலி போச்சு, டீச்சரம்மா. குதிரை போகலையே" என்றார்.

பதினொன்றாம் நாள் நோட்டில் எழுதியிருந்தார்: 11 × 4 = 44.

நாமும் பார்க்கலாம்

நம்மில் பலருக்குக் குதிரை இல்லை. ஆனால் குதிரைச் சவாரி நம் வாழ்க்கையிலும் வருகிறது. குர்லாவிலிருந்து கர்ஜத் லோக்கல் ஏறினால் நேரல். அங்கிருந்து மலை ஏறினால் மாத்தேரான். அங்கே குழந்தைகள் குதிரை ஏற ஆசைப்படுவார்கள்.

ஏற்றும் முன்பு ஒரு நிமிடம் நில்லுங்கள். குதிரை நொண்டுகிறதா? முதுகிலோ வாயோரத்திலோ புண் இருக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? இருந்தால் ஏற்றாதீர்கள். குதிரைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். "அண்ணே, குதிரை கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும், நாங்க காத்திருக்கோம்" என்று சொல்லுங்கள். கேட்பவர் காத்திருந்தால், ஓய்வு கொடுக்க அவருக்கும் மனம் வரும்.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய அடையாளங்கள்:

அரை மணி நேரம் ஆகியும் துடிப்பு 64-க்கு இறங்காதது.
ஈறு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறுவது.
தண்ணீரும் தீனியும் தொடாதது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது.
தொடைச் சதை மரம் போல இறுகுவது, சிறுநீர் கறுத்துப் போவது.

மும்பையில் பரேலில் விலங்குகளுக்கென்று பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை இருக்கிறது.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி எண்ணுங்கள். நான்கால் பெருக்குங்கள். உங்கள் துடிப்பு எவ்வளவு? மாடிப்படி ஏறி இறங்கி மறுபடி எண்ணுங்கள். எவ்வளவு நேரத்தில் பழைய எண்ணுக்கு வருகிறது?

2. 15 நொடியில் 17 துடிப்பு. ஒரு நிமிடத்துக்கு எத்தனை? அந்தக் குதிரை அடுத்த சுற்றுக்குப் போகலாமா?

3. நீங்கள் செய்யும் வேலையில் எதை எழுதி வைத்தால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு வரும்? வகுப்பில் பேசுங்கள். பிறகு ஒரு நோட்டு வாங்குங்கள்.